தவறு விரலிலா, திரையிலா?

பழைய கட்டிலை விற்பதாக இணையத்தில் விளம்பரம் போடுகிறார் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர். சற்று நேரத்தில் போன் வருகிறது. பேசுகிறவர் பேரமே பேசவில்லை. "அட்வான்ஸ் ரெண்டாயிரம் இப்பவே அனுப்பிடறேன் சார். உங்க போன்ல ஒண்ணு வரும். அதை ஓகே பண்ணி பின் நம்பரைப் போட்டீங்கன்னா பணம் ஏறிடும்." சொன்னபடியே ஒன்று வருகிறது. பின் நம்பரைப் போடுகிறார். கணக்கிலிருந்து இரண்டாயிரம் ரூபாய் போய்விடுகிறது.

2016-இல் யு.பி.ஐ. வந்தபின் நாடெங்கும் பலரை வீழ்த்திய மோசடி இது. நடந்தது தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "பணம் வாங்கறதுக்கு யாராவது பின் நம்பர் போடுவாங்களா?" வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவர் ஏன் போட்டார்? வயது, பேராசை, கவனக்குறைவு என்று எதையாவது சொல்லிவிடலாம். ஆனால் விடை அவர் பார்த்த திரையில் இருக்கிறது.

யு.பி.ஐ.யில் பணம் இரண்டு விதமாக நகரும். நாமே ஒருவருக்கு அனுப்புவது ஒன்று. "இவ்வளவு கொடு" என்று எதிராளி கோரிக்கை அனுப்ப, நாம் ஒப்புக்கொண்டு கொடுப்பது இன்னொன்று. கலெக்ட் ரிக்வெஸ்ட் என்பது இந்த இரண்டாவது. இரண்டிலும் கடைசியில் வருவது பின் நம்பர் கேட்கும் அதே பக்கம்தான். அது மட்டுமா? கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கும் அதே பின் நம்பரைப் போடவேண்டும். அப்போது ஒரு பைசாவும் வெளியே போவதில்லை. எனவே 'பின் போட்டால் பணம் போகும்' என்ற விதி பயனரின் அனுபவத்தில் உறுதிப்படவே வழியில்லை. அவர் பழக்கத்தில் கற்றது வேறு: எதைச் செய்தாலும் கடைசியில் பின் கேட்கும், போட்டால்தான் வேலை முடியும். மோசடிக்காரன் அந்தப் பழக்கத்தின்மீது ஏறி நின்றுகொண்டான்.

'பணம் பெறப் பின் நம்பர் தேவையில்லை' என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் குறுஞ்செய்தி அனுப்பின. பலரும் படித்தார்கள். மோசடி நிற்கவில்லை. கடைசியில், தனியாள் இன்னொரு தனியாளிடம் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் உத்தரவிட்டது. எச்சரிக்கையால் அடைக்க முடியாத ஓட்டையை வடிவமைப்பில் ஒரு மாற்றம் அடைத்தது. இது ஏன் என்பதை ஆராய ஒரு தனித் துறையே இருக்கிறது. பயனருக்கு இசைந்த பாதுகாப்பு என்று அதை அழைக்கலாம். சாதாரண மனிதருக்கு எது முடியும், எது முடியாது என்பதைச் சோதித்து அறிந்து, அதற்கேற்பக் கணினிப் பாதுகாப்பை அமைப்பது அதன் வேலை.

இந்தச் சிந்தனை கணினிக்கு முந்தியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கியபின் திடீரென்று வயிறு தரையில் பட விழுந்தன. இறக்கை மடிப்பை இழுக்கவேண்டிய விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிட்டிருப்பார். 'விமானியின் பிழை' என்றுதான் அறிக்கைகள் எழுதப்பட்டன. உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் விமானி அறைக்குள் சென்று பார்த்தார். இரண்டு வேலைகளுக்கும் பக்கத்துப் பக்கத்தில், தொட்டால் வித்தியாசமே தெரியாத இரண்டு விசைகள். சக்கரத்துக்கான விசையில் சிறு சக்கரத்தையும் மடிப்புக்கான விசையில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். களைத்துப்போன விமானியின் கை இப்போது கண்ணை நம்பவேண்டியதில்லை. இன்றும் விமானங்களில் சக்கரத்தை இறக்கும் நெம்புகோலின் முனை சக்கர வடிவில்தான் இருக்கிறது. வேறு வேறு மனிதர்கள் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள் என்றால், அந்தத் தவறு கருவியைப் பற்றிய தகவல். இந்த அணுகுமுறை கணினிப் பாதுகாப்புக்கு வந்துசேர அரை நூற்றாண்டு பிடித்தது.

வந்திருக்கவேண்டிய காலமோ அதற்கும் முந்தையது. 1883-இல் பாரிஸில் அகுஸ்த் கெர்க்ஹாஃப்ஸ் என்ற மொழியாசிரியர் ராணுவச் சங்கேத முறைகளுக்கு ஆறு விதிகள் எழுதினார். மறைப்பு முறை எதிரிக்குத் தெரிந்துவிட்டாலும் பாதகமில்லாதபடி இருக்கவேண்டும் என்பது இரண்டாவது விதி. துறையில் இருக்கும் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆறாவது விதியை எடுத்துச் சொல்பவர் குறைவு: முறை எளிதில் கையாளக்கூடியதாக இருக்கவேண்டும், மூளையைக் கசக்குவதோ நீண்ட விதிப் பட்டியலை நினைவில் வைப்பதோ தேவைப்படக் கூடாது. போர்முனையில் குளிரில் நடுங்கிக்கொண்டு செய்தி அனுப்பும் சிப்பாயை அவர் மனதில் வைத்திருக்கவேண்டும்.

ஆறாவது விதியை மறந்ததன் விலை என்ன என்று முதன்முதலில் முறையாக அளந்து காட்டியவர்கள் ஆல்மா விட்டனும் டக் டைகரும். ஆண்டு 1999. அவர்கள் எடுத்துக்கொண்டது மின்னஞ்சலை மறையாக்கம் செய்யும் பி.ஜி.பி. என்ற மென்பொருள். மறையாக்கம் என்பது, உரியவர் தவிர யாருக்கும் புரியாதபடி செய்தியை உருமாற்றுவது. பி.ஜி.பி.யின் கணிதம் உறுதியானது. அதன் ஐந்தாம் பதிப்பின் திரைகளும் பார்க்க நன்றாகவே இருந்தன.

அதன் அடிப்படைக் கருத்தை முதலில் பார்த்துவிடலாம். உங்களுக்கு யாரும் ரகசியமாகப் பொருள் அனுப்ப வேண்டுமென்றால், திறந்த நிலையில் உள்ள பூட்டுகளை நீங்கள் ஊரெல்லாம் கொடுத்துவைக்கலாம். பெட்டியில் பொருளை வைத்து உங்கள் பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்புவார்கள். பூட்ட யாராலும் முடியும். திறக்கும் சாவி உங்களிடம் மட்டும். இங்கே ஊருக்குக் கொடுத்த பூட்டுக்குக் கணினியில் பொதுச்சாவி என்று பெயர். உங்களிடம் இருப்பது தனிச்சாவி. ஆக, குமாருக்கு ரகசியம் அனுப்ப நான் பயன்படுத்தவேண்டியது குமாரின் பொதுச்சாவியை. என்னுடையதைக் கொண்டு பூட்டி அனுப்பினால் குமாரால் திறக்கவே முடியாது.

பன்னிரண்டு பேரை ஆய்வுக்கு அழைத்தார்கள். எல்லோரும் மின்னஞ்சலில் பழகியவர்கள். தேர்தல் பிரசாரக் குழுவில் வேலை செய்வதாக அவர்களுக்குப் பாத்திரம். வேட்பாளரின் பயணத் திட்டத்தைக் குழுவினர் ஐவருக்கு மறையாக்கிக் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். கையில் கையேடு, கொடுத்த நேரம் 90 நிமிடம். சரியாகச் செய்தவர்கள் மூன்றில் ஒரு பங்கினர். ஏழு பேர் தங்கள் சொந்தப் பொதுச்சாவியாலேயே பூட்டினார்கள். மூன்று பேர் ரகசியத்தை மறைக்காமலே அனுப்பிவிட்டார்கள். போன மின்னஞ்சல் போனதுதான். திரும்ப இழுக்க வழியில்லை.

இந்த ஆய்வின் பயன் தோல்வியை எண்ணியதோடு நிற்கவில்லை. தோல்வி எந்த நொடியில், எந்தப் பொத்தானின் அருகில், என்ன நினைத்துக்கொண்டிருந்தபோது நடந்தது என்று பார்த்ததில் இருக்கிறது. செய்கிறவர்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னார்கள். அதிலிருந்து தெரிந்த முதல் உண்மை: பாதுகாப்பு யாருக்கும் முதல் வேலை இல்லை. மின்னஞ்சல் அனுப்ப, பணம் கட்ட, பிள்ளையின் மதிப்பெண் பார்க்கக் கணினிமுன் உட்காருகிறோம். பாதுகாப்பு குறுக்கே நின்றால் அதைச் சுற்றிக்கொண்டு போவோம். இன்னொன்று, தவறு செய்ததைக் கருவி சொல்வதில்லை. கதவு பூட்டியிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்ப்பதுபோல மறையாக்கத்தை இழுத்துப் பார்க்க முடியாது.

மறைக்காமல் அனுப்பிய மூவரில் ஒருவர் என்னை நெடுநாள் யோசிக்கவைத்தார். பாதுகாப்பு வேலையெல்லாம் தம் கண்ணுக்குத் தெரியாமல் தானாக நடந்துவிடும் என்று அவர் எண்ணியிருக்கிறார். 1999-இல் அது தவறான எண்ணம். 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் தன் பயனர்கள் அனைவருக்கும் முனைக்கு முனை மறையாக்கத்தை இயக்கியது. நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு பொத்தானைக்கூட அழுத்தாமல், பொதுச்சாவி என்ற சொல்லைக் கேள்விப்படாமல், பி.ஜி.பி. தர முயன்ற பாதுகாப்பின் பெரும்பகுதியைப் பெற்றார்கள். சாவிகளை உருவாக்குவது, எதிராளியின் பொதுச்சாவியைத் தேடி எடுப்பது, பூட்டுவது எல்லாம் செயலிக்குள் நடக்கிறது. அந்த ஒருவரின் எதிர்பார்ப்பு சரியாக இருந்தது. கருவிதான் பிந்தி வந்தது.

இதிலும் ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு. எதிரில் இருப்பது உண்மையிலேயே குமாரின் சாவிதானா என்று நாம் பார்ப்பதில்லை, செயலியை நம்புகிறோம். சரிபார்க்க விரும்புகிறவருக்காக 60 இலக்கப் பாதுகாப்புக் குறியீடு உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான செய்தியைக் கையாளும் பத்திரிகையாளர் அதை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கல்யாணத் தேதி பேசும் அத்தைக்கு அது தேவையில்லை. எல்லோரிடமும் நிபுணரின் கவனத்தைக் கேட்காமல், தேவைப்படுகிறவருக்கு மட்டும் அந்தக் கதவைத் திறந்து வைத்திருப்பது நல்ல முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

பாஸ்வேர்டு விஷயத்தில் இந்த நியாயம் கிடைக்க இன்னும் தாமதமானது. மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த ஃப்ளோரென்சியோவும் ஹெர்லியும் 2007-இல் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் பழக்கத்தை அளந்தார்கள். ஒருவருக்குச் சராசரியாக 25 கணக்குகள், பாஸ்வேர்டுகளோ ஆறேழுதான். மீதியெல்லாம் மறுபயன்பாடு. நினைவாற்றலின் எல்லை இது, கண்டிப்பதால் நீளாது. ஆனாலும் உலகமெங்கும் நிறுவனங்கள் விதிகளைக் கூட்டிக்கொண்டே போயின: பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறியீடு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம். இந்த விதிகள் பரவ முக்கியக் காரணம், அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் பாதுகாப்பு கூடுமா? வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதைச் சோதித்தார்கள். அங்கே பயன்பாட்டில் இல்லாத ஆயிரக்கணக்கான கணக்குகளின் பழைய பாஸ்வேர்டுகள் வரிசையாகக் கிடைத்தன. ஒருவரின் பழைய பாஸ்வேர்டு தெரிந்தால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள் கிடைத்துவிட்டது. 1 என்றிருந்த இடத்தில் 2, முதலில் இருந்த குறியீடு கடைசியில், இப்படித்தான் மனிதர்கள் மாற்றுகிறார்கள். மாற்றச் சொல்லும் விதி பயனருக்குத் தொல்லையையும் திருடனுக்குத் துப்பையும் கொடுத்தது. 2017-இல் நிஸ்ட் கட்டாய மாற்றத்தையும் எழுத்துக் கலவை விதிகளையும் கைவிட்டது. பழைய வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரும் அதே ஆண்டில் தாம் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகைக்குச் சொன்னார். நம் ஊரில் பல இணையதளங்கள் இன்னும் பழைய விதிகளையே பிடித்துக்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது.

லண்டனில் ஆஞ்செலா சாஸ் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு கருத்து கொடுத்தார். இணக்கக் கையிருப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். விதிகளுக்குக் கட்டுப்படும் பொறுமை ஒவ்வொரு ஊழியரிடமும் ஓரளவுதான் இருக்கிறது. பயனற்ற விதி ஒன்று அதில் கொஞ்சத்தைத் தின்றால், பயனுள்ள விதிக்குக் கொடுக்க மீதியிருப்பது குறையும்.

நினைவில் வைக்க எளிதானது பாதுகாப்பற்றது என்று எண்ணிவிட வேண்டாம். ஏ.டி.எம். இயந்திரத்தைப் பாருங்கள். 1967 ஜூன் 27 அன்று லண்டனை ஒட்டிய என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி நிறுவிய பணம் தரும் இயந்திரத்தை உருவாக்கியவர், நம் ஷில்லாங்கில் பிறந்த ஜான் ஷெப்பர்ட்-பாரன். ஆறு இலக்கம் வைக்க எண்ணியதாகவும், சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது தன்னால் நான்குதான் நினைவில் வைக்க முடியும் என்று அவர் சொன்னதால் நான்காக்கியதாகவும் பின்னாளில் அவர் கூறினார். நான்கு இலக்கத்தில் 10,000 எண்கள்தான். கணினி ஒரு நொடிக்குள் எல்லாவற்றையும் முயன்றுவிடும். ஆனால் ஏ.டி.எம்.மில் கார்டு கையில் இருக்கவேண்டும். மூன்று முறை தவறினால் கார்டு முடங்கும். பத்தாயிரத்தில் மூன்று வாய்ப்பு. கனமான வேலையை அமைப்பு சுமந்துகொண்டது, மனிதரிடம் சின்னதைக் கேட்டது. பிறந்த தேதியைப் பின் நம்பராக வைத்து இந்தக் கணக்கை நாம் கெடுக்காதவரை அது செல்லும். பிறந்த தேதி காட்டும் அட்டையும் உள்ளே இருக்கும் பர்ஸ் தொலைந்தால், ஏறக்குறைய பதினொன்றில் ஒன்றில் திருடன் பின் நம்பரை ஊகித்துவிடலாம் என்று ஜோசப் பொன்னோவும் கூட்டாளிகளும் 2012-இல் கணக்கிட்டார்கள்.

நினைவாற்றலைப் போலவே கவனத்துக்கும் எல்லை இருக்கிறது. உலாவியில் சிவப்பாக எச்சரிக்கை வந்தால் எத்தனை பேர் நிற்கிறார்கள்? 2013-இல் தேவதத்த அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் இரண்டரைக் கோடி எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள் குரோமில் 70 சதவீதம், ஃபயர்ஃபாக்ஸில் 33. இரண்டின் பயனர்களும் ஒரே மாதிரியானவர்கள் என்று சொல்ல முடியாது, எண்ணும் முறையிலும் வேறுபாடு உண்டு. ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளியில் எச்சரிக்கையின் அமைப்புக்குப் பங்கில்லை என்று சொல்வது கடினம். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தினர் 2015-இல் மூளையையே படம் பிடித்தார்கள். ஒரே எச்சரிக்கையை இரண்டாம் முறை காட்டியபோதே பார்வையைக் கையாளும் மூளைப் பகுதிகளின் செயல்பாடு வெகுவாக இறங்கியது. பழகிப்போதல் என்று நாம் சொல்வது இதுதான். சோம்பல் இல்லை, நரம்புகளின் இயல்பு. எச்சரிக்கையின் தோற்றத்தை மாற்றி மாற்றிக் காட்டியபோது இறக்கம் குறைந்தது.

பிறகு ஃபெல்ட்டின் குழு குரோமின் எச்சரிக்கையைத் திருத்தி எழுதியது. எளிய சொற்கள், பாதுகாப்பான பக்கம் திரும்பிச்செல்லப் பெரிய பொத்தான், 'பரவாயில்லை, போகிறேன்' என்பதற்கு ஒரு மூலையில் சிறு இணைப்பு. விளைவில் இரண்டு பாகம். எச்சரிக்கை எதைப் பற்றியது என்று புரிந்துகொண்டவர் எண்ணிக்கை கூடவில்லை. பாதுகாப்பாகத் திரும்பியவர் விகிதம் 37 சதவீதத்திலிருந்து 62-க்கு ஏறியது. முதல் பாகம் எனக்குக் கவலை தருகிறது. தொழில்நுட்பத்தை மக்களுக்கு விளக்கிவிட முடியும் என்ற நம்பிக்கையில்தான் இப்படிப்பட்ட கட்டுரைகளை எழுதுகிறோம். ஆனால் அவசரத்தில் இருக்கும் மனிதருக்கு அந்த நொடியில் விளக்கம் உதவாது; சரியான பொத்தான் பெரிதாக இருப்பது உதவும்.

பாஸ்வேர்டுக்குப் பதிலாக இப்போது பரவிவரும் பாஸ்கீ என்ற கடவுச்சாவி இந்தப் பாடங்களிலிருந்து வந்தது. முன்பு பார்த்த அதே இரட்டைச் சாவிதான். ஒரு தளத்தில் கணக்குத் தொடங்கும்போது போன் ஒரு சோடி சாவியை உருவாக்கி, பொதுச்சாவியைத் தளத்துக்குக் கொடுக்கிறது. உள்ளே நுழையும்போது தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பும். நீங்கள் விரல் வைத்தால் போன் தனிச்சாவியால் அதில் கையொப்பமிட்டுத் திருப்பும். விரல்ரேகை போனைவிட்டு வெளியே போவதில்லை. எந்த முகவரிக்கு உருவான சாவியோ அந்த முகவரிக்கு மட்டுமே அது வேலை செய்யும். வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலித்தளம் வைத்தால், உங்கள் கண் ஏமாந்தாலும் போன் ஏமாறாது. ஓ.டி.பி.யைப் போனில் மிரட்டிக் கேட்டு வாங்கலாம். கடவுச்சாவியை வாய்விட்டுச் சொல்லவே முடியாது. உரியவருக்கே அது தெரியாது. இதே தத்துவத்தில் இயங்கும் சிறு கருவிகளைத் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய கூகுள், 2017 தொடக்கத்திலிருந்து ஒரு ஊழியரின் கணக்குகூடப் போலித்தளத்தில் பறிபோனதாகத் தெரியவில்லை என்று 2018-இல் கூறியது. அத்தனை பொறியாளர்கள் இருக்கும் நிறுவனமே ஊழியரின் விழிப்பை நம்பாமல் கருவியை நம்பியது.

இந்த அமைப்புக்குள்ளும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: ஒரு போன், ஒரு ஆள். இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலும் 199 பேரிடம் பேசி 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, பெண்களின் போன் எப்படிக் கைமாறுகிறது என்று காட்டியது. கணவர் எடுத்துப் பார்ப்பார், பிள்ளை விளையாடும், மாமியார் பேசுவார். பூட்டிவைத்தால் 'என்ன மறைக்கிறாய்' என்ற கேள்வி வரும். அதனால் அவர்களில் சிலர் முழுப் போனையும் பூட்டாமல் தனிச் செயலியைப் பூட்டுகிறார்கள், பார்த்ததை அழிக்கிறார்கள், சிலவற்றைப் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். விரலுக்குப் பதில் போடும் பேட்டர்ன் தெரிந்த எவரும் போனைத் திறக்கலாம் என்றிருக்கும் வீட்டில், கடவுச்சாவி எல்லாக் கணக்கையும் அதே பேட்டர்னுக்குப் பின்னால் வைக்கிறது.

பகிர்வை ஏற்றுக்கொண்ட வடிவமைப்பு ஒன்று 2024-இல் வந்தது. யு.பி.ஐ. சர்க்கிள் என்ற அந்த வசதியில், வங்கிக் கணக்குள்ளவர் தம் வீட்டாரில் ஐந்து பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். மாதம் 15,000 ரூபாய்க்குள் அவர்களே செலவு செய்யவோ, ஒவ்வொரு முறையும் தம் ஒப்புதலுடன் செலவு செய்யவோ விடலாம். அப்பாவின் பின் நம்பரை மகனும், பாட்டியின் பின் நம்பரைப் பேத்தியும் தெரிந்துவைத்திருக்கவேண்டிய நிலையை இது குறைக்கும். ஆனால் இதில் கடிவாளம் கணக்குள்ளவர் கையில். சீட்டுப் பணத்தைக் கணவர் கண்ணில் படாமல் சேர்க்க நினைக்கும் பெண்ணுக்கு இந்த வசதி உதவாது. அவர் அஞ்சுவது தொலைவில் இருக்கும் ஹேக்கரை அல்ல, அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பவரை. அவரை முதல் பயனராக வைத்து வரையப்பட்ட பணச் செயலி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.